இருபத்து மூன்றாம் எண் வீட்டின் முறைப் பலகை

ஸ்டுட்கார்ட்டின் பழைய பகுதியில் தெருக்கள் வளையும். ஸைலர் தெரு வளையாது. கயிறு திரித்தவர்கள் போட்ட தெரு அது. திரிக்கிறவன் பின்புறமாகவே நடந்து போக வேண்டும்; வழியில் திருப்பம் வந்தால் கயிறு சுவரில் உரசும். குறுக்கே நின்ற ஒரு கோழிக்கூண்டை இடித்தது பற்றிய வழக்குகூட நடந்ததாகச் சொல்வார்கள். கயிற்றுக்காரர்கள் போய் எண்பது வருடமாகிறது. தெரு நேராகவே இருக்கிறது.

இருபத்து மூன்றாம் எண் வீட்டைக் கட்டியவர் அவர்களில் கடைசிக்காரர், கோட்லொப் ஷைஃபெலெ. வாசல் கல்லில் 1889 என்று இருக்கிறது. கீழ்த்தளம் மஞ்சள் மணற்கல், மேலே மூன்று மாடி செங்கல். முதல் மாடிவரை கல் படி, அதன் பிறகு ஓக் மரப் படி. தளத்துக்கு இரண்டு குடித்தனம், ஆக எட்டுக் கதவு. முதல் ஆள் குடிவருவதற்கு முன்பே ஷைஃபெலெ வீட்டு விதிகளை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடையில் மாட்டினார். பதினான்கு விதிகள். ஆறாவது விதி, எங்கள் ஊரின் எல்லா வீடுகளிலும் உள்ள பெருக்கும் வாரத்தைப் பற்றியது. இந்த வீட்டில் ஏதாவதொரு கதவின் சாவி எவர் கையில் இருக்கிறதோ அவர், தம் முறை வரும் வாரத்தில், படிக்கட்டையும் நடையையும் வாசலுக்கு முன்னுள்ள தெருவையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். முறைப் பலகை அவர் கதவில் தொங்கும். சனிக்கிழமை மாலை அதை அடுத்த கதவில் மாட்டிவிட வேண்டும்.

பௌலீனெ ராப் இந்த வீட்டுக்கு 1922-இல் வந்தார். ஒன்பது வயது. தந்தை சுவர் பூசுகிறவர். மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு. அதற்குப் பிறகு அவர் வேறெங்கும் குடியிருக்கவில்லை. பதினான்கு வயதில் பெண்களின் இறுக்கு உடை தைக்கும் ஆலைக்குப் போனார். பிறகு டிராம் கொட்டகையில் வண்டி கழுவினார். அறுபது வயதில் ஓய்வு பெற்றார். இவ்வளவுதான் வேலை விவரம்.

1939-இல் தெருவின் நாஜிக் கட்சிப் பொறுப்பாளர் முறைப் பட்டியலில் ஒரு பெயரை அடிக்கச் சொன்னார். இரண்டாம் மாடியில் இருந்த ஃப்ராவ் லிண்டாவர் யூதப் பெண்மணி. பட்டியல் அப்போது ராப் கையில் இருந்தது. அவர் அடிக்கவில்லை. எட்டுக் கதவு இருந்தால் எட்டுப் பெயர் என்றார். முறை வந்தபோது பலகையை ஃப்ராவ் லிண்டாவரின் கதவில் மாட்டினார். அதனால் ஃப்ராவ் லிண்டாவர் தப்பிவிடவில்லை. 1941 நவம்பர் முடிவில் ஒரு பெட்டியோடு அவரைக் கூட்டிப்போனார்கள். தெரு ஜன்னலில் நின்று பார்த்தது. ராப்பும் ஜன்னலில் நின்றுதான் பார்த்தார். இதை அவரே, இதே தெருக்காரனான என்னிடம் சொன்னார், ஒரே ஒரு தடவை. பட்டியலில் பெயர் போர் முடியும்வரை இருந்தது. அந்த வாரங்களை ராப் செய்தார்.

1944-இல் குண்டு விழுந்தது. எல்லாரும் நிலவறைக்கு ஓடினார்கள். ராப் மண் வாளியோடு பரணுக்குப் போனார். ஓட்டைப் பிய்த்துக்கொண்டு விழுந்த தீக்குண்டுகள் இரண்டையும் கரி அள்ளும் முறத்தில் வாரித் தெருவில் எறிந்தார். பத்தொன்பதும் இருபத்தொன்றும் எரிந்து தீர்ந்தன. இருபத்து மூன்று நின்றது.

கணவர் ஆய்கன் தபால் அலுவலகத்தில் இருந்தவர். போர்க் கைதி முகாமிலிருந்து 1949-இல் திரும்பினார். மறுவருடம் அவருக்கு ஹாம்புர்க்கில் நல்ல வேலை கிடைத்தது. அங்கே படிக்கட்டை யார் பெருக்குகிறார்கள் என்று ராப் கேட்டார். அதற்கென்று ஆள் வைத்திருக்கிறார்கள் என்றார் கணவர். ராப் போகவில்லை. விவாகரத்துக்கு இது மட்டுமா காரணம் என்று கேட்டால், இது போதாதா என்பார்.

பத்தொன்பதும் இருபத்தொன்றும் நின்ற இடம் காலி மனையாகவே கிடந்தது. கார்கள் அங்கே நிற்கத் தொடங்கின. 1972-இல் ஒரு நிறுவனம் அந்த மனையையும் அதை அடுத்த இருபத்து மூன்று, இருபத்தைந்து, இருபத்தேழு வீடுகளையும் வாங்கியது. ஐந்தையும் சேர்த்து ஆறு மாடிக் கார் நிறுத்தம் கட்டுவதாகத் திட்டம். நிறுவனத்தின் சார்பில் தெருவுக்கு வந்து போனவர் ஹெர் ட்ஸிப்பர்லெ. நம் ஊர்க்காரர்தான், கான்ஷ்டாட்டில் பிறந்தவர். நல்ல மேல்கோட்டு, தாழ்ந்த குரல்.

ஒரு வருடத்தில் இருபத்து மூன்றில் ஏழு கதவு காலியானது. பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு, சும்மா பயந்து போனவர்களும் உண்டு. ராப் மட்டும் மிச்சம்.

"ஃப்ராவ் ராப், எல்லாரும் போயாச்சு. நீங்க எதுக்கு இந்த வயசுல மூணு மாடி ஏறிக்கிட்டு இருக்கீங்க? ஃபஸானன்ஹோஃப்ல புது அடுக்குமாடி. லிஃப்ட் இருக்கு."

"எனக்குக் கால் இருக்கு."

"குளிர்காலத்துல கரி தூக்க வேண்டாம். சுவத்துலயே வெந்நீர்க் குழாய் போகுது."

"அப்ப நீங்க போய் இருங்க, ஹெர் ட்ஸிப்பர்லெ. நல்லா இருக்கும்போல."

வெளியேற்றச் சட்டத்தில் இடமில்லை. வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஆனால் வேறொரு வழி இருந்தது. நல்ல குடியிருப்பை இடித்து வேறு காரியத்துக்கு எடுக்க நகரத்தின் அனுமதி வேண்டும் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. வீடு வாழத் தகுதியற்றது என்று அதிகாரி எழுதிவிட்டால் அனுமதி கிடைக்கும். ஆகவே வீடு கெட வேண்டும். தானாகக் கெடாவிட்டால் கெடுக்க ஆள் வேண்டும்.

ஹெர் ட்ஸிப்பர்லெ இரண்டாம் மாடி வலப்பக்கத்தில் கிரேக்கத் தொழிலாளிகள் நான்கு பேரைக் குடிவைத்தார். மூலைக் கடையில் மது குடிக்கும்போது அவர் சொன்னதை நானே கேட்டேன்.

"வெளியூர்க்காரங்க. பெருக்கும் வாரம்னா என்னன்னே தெரியாது. ஆறு மாசத்துல வீட்டை நாறடிச்சிருவாங்க. அந்தம்மா தானா மூட்டையக் கட்டும்."

அவர்கள் வந்த முதல் சனிக்கிழமை மாலை ராப் பலகையை அவர்கள் கதவில் மாட்டினார். ஸ்டாத்திஸ் என்பவன்தான் அந்த நால்வரில் ஜெர்மன் நன்றாகப் பேசுகிறவன். அவன் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தான்.

"ஃப்ராவ் ராப், இது உங்களோடது போல. எங்க கதவுல சிக்கியிருந்துச்சு."

"சிக்கல. நான்தான் மாட்டினேன்."

"எதுக்கு?"

"இந்த வாரம் உங்க முறை. பெருக்கணும், துடைக்கணும். கீழ இருந்து இல்ல, மேல இருந்து."

"நாங்க நாலு பேரும் ஆலையில ரெண்டு ஷிஃப்ட் பாக்கறோம்."

"அப்ப எப்பவும் ரெண்டு பேரு வீட்டுல இருப்பீங்க. ரொம்ப நல்லது."

அவர்கள் பெருக்கினார்கள். ராப் வந்து பார்த்தார். "மூலை" என்றார். மறுபடி பெருக்கினார்கள். "கைப்பிடிக்கு அடியில" என்றார். மூன்றாம் தடவை வாசலுக்கு முன்னால் தெருவைக் காட்டினார்.

"எங்கம்மாகூட என்னை இப்படி வேலை வாங்கினதில்ல" என்றான் ஸ்டாத்திஸ்.

"உங்கம்மா வீட்டு மூலைய நான் பாத்ததில்லையே. பாத்திருந்தா ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லியிருப்பேன்."

அவன் சிரித்தான். ராப் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கரிக்காரன் மூட்டையைப் படியில் இழுத்துக்கொண்டு போனபோது அவனை நிறுத்திச் சத்தம் போட்டவன் ஸ்டாத்திஸ்தான். அந்த வசந்தத்தில் நால்வரும் நடைச் சுவருக்குத் தங்கள் ஊர் வழக்கப்படி சுண்ணாம்பு அடித்தார்கள். ராப்புக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளை அதிகம் என்றார். ஆனால் விட்டுவிட்டார்.

ஆறு மாதம் போயும் வீடு நாறவில்லை. 1974 ஜூனில் நிறுவனம் முதல் மாடி இடப்பக்கத்தைத் தன் சாமான் அறையாக எடுத்துக்கொண்டது. சிமெண்டு மூட்டை, அறிவிப்புப் பலகைகள், தகர டப்பாக்கள். புதுப் பூட்டு. சாவி ஹெர் ட்ஸிப்பர்லெ கையில். மாடிப்படியின் பல்புகள் காணாமல் போவதும் அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

ராப் புதுப் பட்டியல் எழுதினார். மூன்று கதவு, மூன்று வாரம். முதல் வாரம் தமக்கு, இரண்டாவது கிரேக்கர்களுக்கு, மூன்றாவது நிறுவனத்துக்கு. ஆறாவது விதியைக் கையால் நகலெடுத்துப் பட்டியலோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு அனுப்பினார். ஹெர் ட்ஸிப்பர்லெ அதை மூலைக் கடைக்குக் கொண்டுவந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். நாங்களும் சிரித்தோம். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

நிறுவனத்தின் வாரம் வரும்போது ராப் பலகையை முதல் மாடிக் கதவில் மாட்டுவார். அந்த வாரம் முழுக்கப் படியில் தூசி கிடக்கும். ராப் அதைத் தாண்டிப் போவார், தொடமாட்டார். கிரேக்கர்களையும் தொட விடமாட்டார். சனிக்கிழமை பட்டியலில் 'செய்யவில்லை' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். பிறகு பலகை அவருடைய கதவுக்கு வரும். அரைமணி நேரத்தில் படி பளிச்சென்று ஆகிவிடும். இப்படி ஐந்து முறை.

அதிகாரி பார்வையிட வரும் நாள் அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி என்று கடிதம் வந்தது.

புதன்கிழமை மதியம் இரண்டு வேலையாட்கள் வந்தார்கள். பரணைச் சுத்தம் செய்யச் சொன்னார்களாம். முப்பது வருடக் கரித்தூள், உடைந்த ஓடு, பழைய காரை, நனைந்த வைக்கோல் எல்லாவற்றையும் வாரி மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வரை படிக்கட்டிலேயே கொட்டினார்கள். முதல் மாடித் திருப்பத்தில் முழங்கால் உயரம். பிறகு வண்டி ஏறிப் போய்விட்டார்கள்.

செய்தி தெருவெல்லாம் பரவியது. நாங்கள் ஏழெட்டுப் பேர் வாளியும் மண்வெட்டியுமாக இருபத்து மூன்றுக்குப் போனோம். ஸ்டாத்திஸும் அவன் நண்பன் ஒருவனும் ஏற்கனவே சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ராப் முதல் மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். கரித்தூள் அவர் செருப்பை மூடியிருந்தது.

"யாரும் தொடக் கூடாது" என்றார்.

"ஃப்ராவ் ராப், நாளைக்குக் காலையில ஆள் வர்றாங்க" என்றேன். "எட்டுப் பேர் இருக்கோம். மூணு மணி நேரத்துல வாரிப் போட்ருவோம்."

"இது யார் வாரம்?"

பலகை முதல் மாடிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. கரித்தூளில் பாதி மறைந்திருந்தது.

"யார் வாரமா இருந்தா என்ன?" என்றான் ஸ்டாத்திஸ். "வீடு போயிரும். அவங்க எதிர்பாக்கறதே இதுதானே. இதப் பாத்தா அந்த ஆளு ஒரு வரி எழுதுவாரு, முடிஞ்சுது."

"நீங்க இத வாரினா, அவங்க குப்பைய நீங்க பெருக்கினதா ஆகும். அடுத்த தடவை இதுக்கு மேல கொட்டுவாங்க. அதையும் வாருவீங்களா?"

"வாருவேன்."

"நான் வாரமாட்டேன். ஐம்பது வருஷமா என் வாரத்த நான் செஞ்சிருக்கேன். அடுத்தவங்க சாவிய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கறப்ப அவங்க வாரத்தச் செஞ்சதில்ல."

"அப்ப நாங்க நாலு பேரும் தெருவுல நிக்கணுமா?"

இது அவரைத் தொட்டது என்று நினைக்கிறேன். படியைப் பார்த்தார். பிறகு, "உங்க கதவுக்கு முன்னால உங்க வாசல்ல கிடக்கறத மட்டும் தள்ளிக்குங்க. படிய விட்ருங்க" என்றார்.

ஸ்டாத்திஸ் கிரேக்க மொழியில் ஏதோ சொன்னான். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுப் போனான். நாங்களும் வாளிகளை எடுத்துக்கொண்டு திரும்பினோம். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று என் மனைவி இர்ம்கார்ட் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

காலை ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம். ஹெர் ட்ஸிப்பர்லெ புது மேல்கோட்டில் வந்தார். நகரத்திலிருந்து வந்தவர் ஹெர் பிட்ஸர். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். கையில் அட்டை, காதில் பென்சில். நாங்கள் வாசலில் கூடியிருந்தோம். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை.

"பாருங்க, ஹெர் பிட்ஸர்" என்றார் ட்ஸிப்பர்லெ. "மனுஷன் ஏற முடியாது. இதுல ஆளுங்க குடியிருக்காங்கன்னா நம்ப முடியுதா?"

ஹெர் பிட்ஸர் படிக்கட்டைக் கீழிருந்து மேலே பார்த்தார். குனிந்து கொஞ்சம் கரித்தூளை விரலில் எடுத்துத் தேய்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"இந்த வாரம் யார் முறை?"

ட்ஸிப்பர்லெ சிரித்தார். "என்ன கேக்கறீங்க?"

"யார் முறைன்னு கேட்டேன்."

"இது இடிக்கப் போற வீடு, ஹெர் பிட்ஸர்."

"இடிக்கப் போறதா இல்லையான்னு நான் இன்னும் எழுதல. ஆள் குடியிருக்கற வீடு. குடியிருந்தா முறை உண்டு. யார் முறை?"

மேலிருந்து ராப்பின் குரல் வந்தது. "பட்டியல் நடையில இருக்கு. விதிக்குப் பக்கத்துல."

ஹெர் பிட்ஸர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறாவது விதியைப் படித்தார். பட்டியலைப் படித்தார். ஜூனிலிருந்து ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு கையெழுத்தும், ஐந்து 'செய்யவில்லை'யும். பதிவுத் தபால் ரசீது கீழே ஊசியால் குத்தப்பட்டிருந்தது. அதையும் படித்தார். அவசரப்படவில்லை. பிறகு குப்பையில் கால் வைத்து முதல் மாடித் திருப்பம்வரை ஏறினார். பலகையில் இருந்த கரித்தூளைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"இந்தக் கதவுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"

ஹெர் ட்ஸிப்பர்லெயின் காது சிவந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். வேறெந்த ஊரில் பிறந்தவனாக இருந்தாலும் அந்த இடத்தில் தோளைக் குலுக்கியிருப்பான். இவர் கான்ஷ்டாட்காரர்.

"எங்ககிட்டதான்" என்றார். "ஆனா அது வெறும் சாமான் அறை."

"சாவி இருக்கில்ல?"

"இருக்கு."

"பலகை உங்க கதவுல தொங்குது."

"ஹெர் பிட்ஸர், அந்தம்மா வேணும்னே மாட்டியிருக்கு."

"பலகைய எல்லாரும் வேணும்னேதான் மாட்டுவாங்க. எங்க மாமியார் கால்நூற்றாண்டா எங்க கதவுல வேணும்னே மாட்டறாங்க. அதுக்காகப் பெருக்காம இருக்கேனா?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். ஹெர் பிட்ஸர் திரும்பிப் பார்க்கவில்லை. குப்பை மேலேயே ஏறி ராப்பின் வீட்டுக்குப் போனார். அடுப்பைப் பார்த்தார், தண்ணீரைத் திறந்து மூடினார், பரணில் உத்தரத்தைக் கத்தியால் குத்திப் பார்த்தார். கிரேக்கர்களின் வீட்டில் அவருக்குக் காப்பி கொடுத்தார்கள். அவர் வேலை நேரத்தில் குடிப்பதில்லை என்றார். இறங்கும்போது எல்லாரும் கேட்கும்படிச் சொன்னார்.

"கட்டடம் உறுதி. படிக்கட்டு கேவலம். காரணம், உரிமையாளர் தன் முறையச் செய்யல. அப்படித்தான் எழுதப் போறேன். சனிக்கிழமை சாயங்காலம் இந்த வழியா வருவேன், ஹெர் ட்ஸிப்பர்லெ. வாரம் அதுவரைக்கும் உங்களோடதுதான்."

அன்று மாலை ராப் எங்கள் வாசலைக் கடந்து போனபோது கேட்டேன், ஹெர் பிட்ஸர் இப்படிச் சொல்வார் என்று முன்பே தெரியுமா என்று.

"எப்படித் தெரியும்? ஹாம்புர்க்காரரா இருந்திருந்தா வீடு போயிருக்கும்."

சனிக்கிழமை ட்ஸிப்பர்லெ வேலையாட்களை அனுப்பவில்லை. அவரே வந்தார். மேல்கோட்டு இல்லை. அவர் அம்மா கான்ஷ்டாட்டில் இருக்கிறார்; அங்கே செய்தி வியாழன் மதியத்துக்குள் போய்விட்டதாம், அம்மா தொலைபேசியில் அவரிடம் என்ன சொன்னார் என்பதும் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அதை எழுத வேண்டாம். அவர் மேலிருந்து தொடங்கினார், அதுவே அவர் வளர்ப்பைச் சொன்னது. நாற்பது வாளி. ராப் தம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காலுறை தைத்துக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு எழுந்து வந்து பார்த்தார்.

"மூலை" என்றார்.

ட்ஸிப்பர்லெ மூலையைத் துடைத்தார். ஸ்டாத்திஸ் கதவைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினான். அவர் வாங்கிக் குடித்தார்.

மூன்று வாரத்தில் நகரத்தின் பதில் வந்தது. இருபத்து மூன்றாம் எண்ணை இடிக்க அனுமதி இல்லை. மறுநாளே ட்ஸிப்பர்லெ ராப்பைத் தெருவில் நிறுத்தினார். இந்த முறை குரல் தாழ்ந்திருக்கவில்லை.

"உங்க வீடு உங்களுக்கு, ஃப்ராவ் ராப். சந்தோஷமா இருங்க. இருபத்தஞ்சும் இருபத்தேழும் எங்களுக்கு. படம் மாத்திப் போட்டாச்சு, நாலு மாடி போதும். இதோட விட்ருங்க."

"எதுக்கு விடணும்?"

"அது உங்க வீடு இல்லையே."

ராப் நடந்தார். இருபத்தைந்தைத் தாண்டினார். நாங்கள் இருப்பது இருபத்தேழு, இரண்டாம் மாடி. நிறுவனத்தின் கடிதம் எங்களுக்குச் செப்டம்பரிலேயே வந்திருந்தது. பணத்துக்குச் சம்மதம் என்று இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் இர்ம்கார்ட் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். பெட்டிகள் கூடத்தில் சுவரோரம் நின்றன.

ராப் உள்ளே வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பெட்டிகளைப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"ஃபஸானன்ஹோஃப்" என்றாள் இர்ம்கார்ட். "லிஃப்ட் இருக்காம்."

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல. திங்கக்கிழமை போடணும்."

"உங்க படிக்கட்டப் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். அஞ்சு நாளா யாரும் தொடல. யாராச்சும் பாக்க வந்தா எழுதறதுக்கு நல்ல வசதி."

இர்ம்கார்டின் முகம் மாறியது. எங்கள் வாரம்தான் அது. போகிற வீடுதானே என்று விட்டுவிட்டோம்.  ராப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொடி நின்று நின்று போனார். முட்டி வலிதான், ஆனால் படிக்குப் படி அழுக்கைப் பார்ப்பது போலத்தான் கேட்டது.

இர்ம்கார்ட் மேல்பெட்டியின் மூடியைப் பிரித்தாள். பாத்திரங்களுக்கு அடியில் கைவிட்டு வாளியைத் தேடினாள்.

"சும்மா நிக்காம கடிதத்த அடுப்புல போடு" என்றாள். "அப்புறம் தண்ணி காய வை. வெறும் தண்ணியில இந்த அழுக்குப் போகாது."